பலகையில் பத்து மணி, கார்டில் ஐந்தரை

கேள்வி: மேடம், ஆயத்த ஆடைகளை வாங்கிப் பல நாடுகளில் விற்கும் நிறுவனம் ஒன்றில் மூன்று வருடமாக மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைப் பேசி முடித்துச் சரக்கு வரும் வரை கவனிப்பவனாக, இருக்கிறேன். போன மாதம் தரம் பார்ப்பதற்காக எங்கள் சப்ளையரின் தொழிற்சாலைக்குப் போனேன். எங்களுடைய 60,000 சட்டைகள் மூன்று லைன்களில் (தையல் மெஷின் வரிசைகளில்) ஓடிக்கொண்டிருந்தன. சென்ற சீசனைவிட 4 சதவீதம் விலை குறைத்துப் பேசி முடித்த ஆர்டர் அது. அதற்காக அலுவலகத்தில் எனக்குப் பாராட்டும் கிடைத்தது. துணியின் நிறத்துக்கு நாங்கள் தர வேண்டிய ஒப்புதல், அதாவது நிற அப்ரூவல், எங்கள் டிசைன் பிரிவில் 9 வேலைநாள் தாமதமாகிவிட்டது, ஆனாலும் ஷிப்மென்ட் தேதி மாறவில்லை. லைன் முனையில் மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் பலகையில் முந்தைய நாள் கணக்கு அழியாமல் இருந்தது. ஏறக்குறைய மணிக்கு 100 பீஸ் வீதம் இரவு 10 மணி வரை எழுதியிருந்தார்கள். எனக்குக் காட்டிய டைம் கார்டுகளிலோ எல்லோரும் மாலை ஐந்தரைக்கு வெளியேறியதாக இருந்தது. வேறு நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் ஒருவர், தன் பாஸ்போர்ட் ஆபீஸில் இருப்பதாகவும், ஊரில் ஏஜென்டுக்காக வாங்கிய கடன் இன்னும் முடியவில்லை என்றும் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன் நடந்த ஆடிட்டில் அந்தத் தொழிற்சாலைக்குப் பச்சை நிற ரிப்போர்ட், அதாவது எல்லாம் சரி என்று. என் மேலாளரிடம் சொன்னேன். "அது ஆடிட்டர் வேலை. நம் வேலை தேதிக்குச் சரக்கு வாங்குவது" என்றார். இதை யாரிடம் புகார் செய்வது? இந்த ஆர்டரையே நிறுத்தச் சொல்லலாமா? என் வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள தம்பி,

18 வருடம் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ச் சமூக ஆடிட் செய்தவள் நான்; தொழிலாளர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வு அது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டு நாள் உட்கார்ந்து நாங்கள் பார்க்காத ஒன்றை நீங்கள் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டீர்கள். டைம் கார்டை இரண்டு செட்டாக எழுதி வைக்க முடியும். சம்பளப் பட்டியலையும் அப்படியே. உற்பத்தி பலகையை யாரும் இரண்டாக வைத்திருப்பதில்லை, ஏனென்றால் அது சூப்பர்வைசர் தன் முதலாளிக்குக் காட்டுவதற்காக எழுதுவது. அங்கே பொய் எழுதினால் அவர் வேலை போகும். தரக் கட்டுப்பாட்டு ரிப்போர்ட்டில் இருக்கும் நேரம், உடைந்த ஊசிக்கு வைத்திருக்கும் நோட்டு, கேட்டில் செக்யூரிட்டி எழுதும் பதிவு, ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிய கணக்கு எல்லாம் இதே ஜாதி. ஆடிட்டருக்கு என்று எழுதப்படாத தாள்தான் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும்.

அப்படியானால் பச்சை ரிப்போர்ட் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஆடிட்டர் காசு வாங்கிவிட்டார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். அதுவும் நடக்கும்தான், ஆனால் அது இல்லாமலேயே பச்சை வரும். பல இடங்களில் ஆடிட்டுக்குப் பணம் கட்டுவது தொழிற்சாலை. வரும் தேதி முன்பே தெரியும். தொழிலாளர்களைத் தனியாகப் பேட்டி எடுப்போம் என்போம், ஆனால் அந்தத் 'தனி' அறை மேனேஜர் அறைக்கு அடுத்ததாக இருக்கும். யாரைக் கூப்பிட்டோம், எத்தனை நிமிடம் உள்ளே இருந்தார் என்பது வெளியே எல்லோருக்கும் தெரியும். ஆடிட் நாளில் கழிவறைக்குப் போய்ப் பார்ப்பது என் வழக்கம். புத்தம் புது சோப்பு இருக்கும், மேலே அச்சடித்த எழுத்துகூடத் தேய்ந்திருக்காது. காலையில் அதைப் பார்த்துவிட்டால், மத்தியானம் பேட்டியில் எல்லோரும் ஒரே வாக்கியத்தை ஒப்பிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். "வாரம் 48 மணி நேரம், ஓவர்டைம் 12-க்கு மேல் போகாது, விருப்பப்பட்டால்தான்." தையல் மெஷினில் உட்காருகிறவர் யாரும் தன் வேலையைப் பற்றி இப்படிப் பேச மாட்டார்.

இதன் உச்சம் ஒன்று உண்டு. பாகிஸ்தானில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை, 2012 செப்டம்பர் 11 அன்று தீப்பற்றியது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்.ஏ. 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்திருந்தது. தீ வைத்தது பணம் பறிக்கும் கும்பல் என்று பல வருடம் கழித்து அங்கே தீர்ப்பு வந்தது. தீயை யார் வைத்திருந்தாலும், உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம் பூட்டிய கதவுகளும் கம்பி அடித்த ஜன்னல்களும். சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் அந்தக் கதவுகளைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். சரக்கில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டிருந்தது ஜெர்மனியின் கிக் நிறுவனம். 2016-ல் அது 50 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. டார்ட்மண்ட் நீதிமன்றத்தில் போட்ட வழக்கோ, காலம் கடந்துவிட்டது என்று 2019-ல் தள்ளுபடியானது. உங்கள் மேலாளர் சொன்ன "அது ஆடிட்டர் வேலை" என்ற வாக்கியத்துக்கு என்ன மதிப்பு என்பது இதில் தெரியும்.

சரி, உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்கள். நிற அப்ரூவல் 9 வேலைநாள் தாமதம், ஷிப்மென்ட் தேதி மாறவில்லை. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரிதான் கண்ணில் பட்டது.

ஒரு காகிதம் எடுங்கள். ஒரு லைன் மணிக்கு 100 சட்டை. 8 மணி நேரத்தில் 800. மூன்று லைன் சேர்த்தால் நாளைக்கு 2,400. 60,000 சட்டைக்கு 25 வேலைநாள் ஆகும். சப்ளையரும் இதே கணக்கைப் போட்டுத்தான் உங்களுக்குத் தேதி கொடுத்திருப்பார். அதில் 9 நாள் உங்கள் டிசைன் பிரிவின் மேஜையில் போய்விட்டது. மிச்சம் 16 நாள். 60,000-ஐ 16-ஆல் வகுங்கள்: நாளைக்கு 3,750. ஒரு லைனுக்கு 1,250. மணிக்கு 100 என்றால் பன்னிரண்டரை மணி நேரம். காலை 8 மணிக்கு மெஷினை ஓட்டத் தொடங்கி, சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒன்றரை மணி நேரம் விட்டால் எப்போது முடியும்? இரவு 10 மணிக்கு.

பலகையில் நீங்கள் பார்த்த அதே 10 மணி.

வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 75 மணி நேரம். ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்த 48-ஐயும் 12-ஐயும் கூட்டினால் வரும் 60-ஐவிட 15 அதிகம். அந்த 15 மணி நேரத்தைக் கார்டில் எழுதினால் ரிப்போர்ட் சிவப்பாகிவிடும். சிவப்பானால் உங்கள் நிறுவனமே ஆர்டரை வேறு இடத்துக்குக் கொண்டு போகும். எழுதாவிட்டால் பச்சை. சப்ளையர் எதைச் செய்வார்? மறைப்பதற்குக் கற்றுக் கொடுத்ததே நாம்தான் என்று நான் உணர எனக்குப் பத்து வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

அப்புறம் அந்த 4 சதவீதம். பாராட்டு வாங்கியதைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். துணியை எந்த மில்லில் எடுக்க வேண்டும், பட்டன் எந்தக் கம்பெனியுடையது, லேபிள் யார் அச்சடிக்க வேண்டும் என்பதையெல்லாம் பெரும்பாலும் உங்களைப் போன்ற பையர்களே, அதாவது சரக்கை வாங்குபவர்களே, குறித்துக் கொடுத்துவிடுவீர்கள். அவற்றின் விலை சப்ளையர் கையில் இல்லை. மின்சாரக் கட்டணமும் அவர் சொல்லி இறங்காது. அவரால் சுருக்க முடிந்தது தைக்கும் நிமிடத்தின் விலை மட்டும்தான், அதாவது கூலி. மொத்த விலையில் 4 சதவீதம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு சட்டையின் விலையில் கூலியின் பங்கே சிறியது; அந்தச் சிறிய பங்கிலிருந்து 4 சதவீதத்தையும் எடுத்தால் அங்கே எவ்வளவு மிஞ்சும் என்று விலையைப் பிரித்துக் காட்டும் உங்கள் காஸ்டிங் ஷீட்டைத் திறந்து நீங்களே பாருங்கள். இது உங்கள் நிறுவனத்தின் கதை மட்டும் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 87 நாடுகளில் 1,454 சப்ளையர்களிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், உற்பத்திச் செலவுக்குக்கூடக் கட்டுப்படியாகாத விலையில் ஆர்டர் எடுத்திருப்பதாக 39 சதவீதம் பேர் சொன்னார்கள். நட்டத்துக்கு ஏன் எடுக்கிறார்கள் என்றால், மறுத்தால் அடுத்த சீசனில் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம்.

ஐக்கிய நாடுகள் சபை 2011-ல் ஏற்றுக்கொண்ட தொழில் மற்றும் மனித உரிமை வழிகாட்டு நெறிகளில் இதற்கு ஒரு பாகுபாடு இருக்கிறது. ஒரு நிறுவனம் பாதிப்பைத் தானே ஏற்படுத்தலாம், பாதிப்புக்குப் பங்களிக்கலாம், அல்லது இரண்டும் இல்லாமல் வியாபாரத் தொடர்பால் மட்டும் அதோடு இணைந்திருக்கலாம். மூன்றுக்கும் பொறுப்பு வேறு வேறு. நிறுவனங்கள் எப்போதும் மூன்றாவது நாற்காலியில் உட்காரத்தான் விரும்பும்: "எங்கள் சப்ளையர் செய்தது, வருந்துகிறோம்." 9 நாளை நாமே தின்றுவிட்டுத் தேதியை நகர்த்தாதபோது நாம் இரண்டாவது நாற்காலிக்கு வந்துவிடுகிறோம். பங்களித்தவர் சரிசெய்வதிலும் பங்கெடுக்க வேண்டும். ஆகவே "யாரிடம் புகார் செய்வது" என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ராத்திரி வேலை விஷயத்தில் புகார் முதலில் உங்கள் அலுவலகத்தின் மேல்தான் போக வேண்டும்.

பாஸ்போர்ட் விஷயம் வேறு. அதை ஓவர்டைமோடு சேர்த்து ஒரே மெயிலில் எழுதிவிடாதீர்கள்; சேர்த்தால் இரண்டும் நீர்த்துப்போகும். ஓவர்டைம் கூடுதல் என்பது பேசித் தீர்க்கக்கூடிய கோளாறு. அடையாள ஆவணத்தை வாங்கி வைத்துக்கொள்வதும், கடனில் கட்டி வைப்பதும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பட்டியலிடும் 11 கட்டாய உழைப்பு அறிகுறிகளில் வருபவை. ஒரு அறிகுறி தெரிந்ததுமே கட்டாய உழைப்பு என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் உங்களுக்கு ஒரே ஆளிடம் இரண்டு தெரிந்திருக்கிறது. நீளும் வேலை நேரமும் அதே பட்டியலில் இருப்பது. 2021 நிலவரப்படி உலகில் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள் என்பது அதே அமைப்பின் மதிப்பீடு. அவர்களில் பலர் எந்தக் கதவும் பூட்டப்படாமல், ஒழுங்காகத் தோன்றும் வேலை இடங்களில்தான் இருக்கிறார்கள்.

பாஸ்போர்ட்டைக் கேட்டால் மேனேஜர்கள் எல்லா இடத்திலும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "பத்திரமாக இருக்கட்டும் என்று அவர்களே கொடுத்தார்கள்." நான் அதை மறுத்துப் பேசுவதே இல்லை. "சரி, பெட்டியின் சாவி யாரிடம்?" என்று மட்டும் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒருவர் தன் பாஸ்போர்ட்டை எடுக்க நினைத்தால் யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுக்க முடியுமா? முடியாது என்றால் அது பாதுகாப்பு அல்ல. தீர்வு மலிவானது: ஆளுக்கு ஒரு பூட்டுப் பெட்டி, சாவி அவரவர் இடுப்பில். சில வாரத்தில் செய்துவிடலாம். செய்ய மாட்டேன் என்று சப்ளையர் இழுத்தால், அந்த இழுப்பே உங்களுக்குத் தகவல்.

கடன்தான் கடினம். வேலை தேடி வந்தவரிடம் ஆள் பிடிக்கும் நிறுவனம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 1997-ல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை எண் 181-ல் இருக்கிறது. செலவை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும் என்பது இன்று பல பெரிய நிறுவனங்கள் கையெழுத்திட்ட கொள்கை. நடப்பில் தொழிலாளி நிலத்தையோ நகையையோ அடகு வைத்து ஏஜென்டுக்குக் கட்டிவிட்டு வருகிறார். அவர் வாங்கும் சம்பளத்தில் முதல் வருடம், சில சமயம் இரண்டு வருடம், வட்டிக்கே போகும். இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். அந்த மனிதர் ஓவர்டைமை வெறுக்க மாட்டார். கடன் சீக்கிரம் அடைய வேண்டும் என்று அவரே ராத்திரி உட்காரக் கேட்டிருக்கலாம். நீங்கள் நல்ல எண்ணத்தோடு ஓவர்டைமை மட்டும் வெட்டிவிட்டால், கடன் அப்படியே இருக்க, அதை அடைக்கும் வழியை மட்டும் அடைத்ததாக ஆகும். ஒரு தொழிற்சாலையில் நாங்கள் இதைத்தான் செய்தோம். இரண்டு மாதத்தில் பாதிப் பேர் பக்கத்தில் எந்த ஆடிட்டும் நடக்காத பட்டறைக்கு ராத்திரி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் அறிக்கையில் மட்டும் வேலை நேரம் அழகாகக் குறைந்திருந்தது.

ஆகவே கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் தீர்வு, அது நடக்கவும் செய்கிறது. மலேசியாவின் டாப் க்ளவ் உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை நிறுவனம். கட்டாய உழைப்பு அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி அமெரிக்கச் சுங்கத் துறை 2020 ஜூலையில் அதன் துணை நிறுவனங்களின் சரக்கைத் தடுத்தது. கொரோனா காலம், கையுறைக்கு உலகமே அலைந்த நேரம். அப்போதும் தடுத்தார்கள். நிறுவனம் தொழிலாளர்கள் கட்டியிருந்த ஏஜென்ட் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படவில்லை, அமெரிக்காவின் 1930-ஆம் வருடச் சுங்கச் சட்டத்தில் இருந்த பழைய பிரிவு போதுமானதாக இருந்தது. உங்கள் மேலாளருக்கு மனசாட்சி என்றால் புரியாமல் போகலாம், துறைமுகத்தில் கன்டெய்னர் நிற்பது என்றால் உடனே புரியும்.

இப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதைச் செய்யும் விளிம்பில் நிற்கிறீர்கள். என் ஆரம்ப வருடங்களில், ஒரு பெண் பேட்டியில் மனம் விட்டுப் பேசினார். கர்ப்பமாக இருந்தபோதும் இரவு ஷிப்டில் போட்டார்கள் என்றார். பெயர் எழுதவில்லை, கெட்டிக்காரத்தனமாக "இரண்டாவது மாடி, காலர் பிரிவில் ஒரு பெண் தொழிலாளி" என்று அறிக்கையில் எழுதினேன். அந்த மாடியில் காலர் பிரிவில் இருந்தது நாலு பேர். அந்த வருடம் குழந்தை பெற்றவர் ஒருவர். அடுத்த முறை போனபோது அவருடைய மெஷினில் வேறு ஆள் இருந்தார். கேட்டதற்கு, "அவங்களாவே போயிட்டாங்க" என்றார்கள். நான் அந்த அறிக்கையை இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் அந்தத் தொழிலாளியின் நாடு, எந்த லைன், எத்தனை மாதமாக வேலை என்பதையெல்லாம் எழுதியிருந்தீர்கள். இங்கே வெளியிடும்போது எடுத்துவிட்டேன். நீங்கள் அலுவலகத்தில் எழுதும் எதிலும் அவர் வரவே கூடாது. "ஒருவர் சொன்னார்" என்பதுகூட வேண்டாம். "அந்தத் தொழிற்சாலையில் பாஸ்போர்ட்டுகள் எங்கே வைக்கப்படுகின்றன, தொழிலாளர்கள் வேலைக்கு வர எவ்வளவு செலவு செய்தார்கள் என்பதை எல்லா வெளிநாட்டுத் தொழிலாளர்களிடமும் சுயேச்சையான ஆட்களை வைத்து விசாரிக்க வேண்டும்" என்று எழுதுங்கள். எல்லோரையும் கேட்டால்தான் ஒருவர் தனியே தெரிய மாட்டார். விசாரணை தொழிற்சாலைக்கு வெளியே, அவர்கள் மொழி தெரிந்தவரால் நடக்க வேண்டும்.

ஆர்டரை நிறுத்தலாமா? வேண்டாம், இப்போதைக்கு. ஆர்டர் நின்றால் முதலில் அடிபடுவது சம்பளமும் கடனும்தான். சப்ளையர் உங்களுக்குப் பதில் இன்னும் கேள்வி கேட்காத ஒரு பையரைத் தேடிக்கொள்வார். நான் மேலே சொன்ன ஐ.நா. நெறிகளே, விலகுவதால் தொழிலாளர்களுக்கு என்ன ஆகும் என்று எடை போட்ட பிறகுதான் விலக வேண்டும் என்கின்றன. சரிசெய்ய மறுத்துக்கொண்டே இருந்தால், அல்லது கேள்வி கேட்டதற்காகத் தொழிலாளர்களைத் தண்டித்தால், அப்போது விலகலாம். அப்போதும் திடீரென்று அல்ல, முன்கூட்டிச் சொல்லி, முடித்த சரக்குக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டு.

வங்கதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். 2013 ஏப்ரல் 24, சாவர் ஊரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளில் ஷிப்மென்ட் தேதி இருந்தது. சம்பளம் போய்விடும் என்று மிரட்டி ஆட்களை உள்ளே வரவழைத்தார்கள். அந்தத் தொழிற்சாலைகளில் சிலவற்றில் சமூக ஆடிட்டும் நடந்திருந்தது, கட்டடம் நிற்குமா என்பது அந்த ஆடிட் கேட்கும் கேள்வியில் இல்லை. அதே கட்டடத்துக்குள் போகலாமா என்பதை ஒரு வங்கி மேனேஜரும் ஒரு லைன் சூப்பர்வைசரும் எப்படி இரண்டு விதமாக முடிவு செய்தார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். வங்கிக்காரருக்கு இன்னொரு நாள் திறந்தாலும் பாதகமில்லை, இன்னொருவருக்குத் தேதி கழுத்தில் தொங்கியது.

அடுத்த மாதமே கையெழுத்தான தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில், 'அக்கார்டு' என்பார்கள், 200-க்கு மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. அதில் என்ன வித்தியாசம் என்றால், தொழிற்சங்கங்கள் மறுபக்கத்தில் கையெழுத்திட்டன. ஆய்வறிக்கைகள் வெளியே போடப்பட்டன. ஆபத்து என்று தெரிந்தால் வேலைக்குப் போக மறுக்கும் உரிமை எழுத்தில் வந்தது. முதல் இரண்டு வருடம் ஆர்டர் அளவைக் குறைக்காமல் தொடர வேண்டும் என்றும், பழுதுபார்க்கும் பணம் தொழிற்சாலைக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும் பிராண்டுகளுக்குக் கட்டாயம் இருந்தது. சொன்னபடி செய்யாத இரண்டு பிராண்டுகளைச் சங்கங்கள் ஹேக் நகரில் நடுவர் மன்றம் வரை இழுத்தன; பிராண்டுகள் சமரசத்துக்கு வந்தன. பிராண்டு தானே வகுத்துத் தானே சரிபார்க்கும் நடத்தை விதிகள் அதற்கு முன் இருபது வருடமாக இல்லாமலா இருந்தன? மீறினால் பையரும் பதில் சொல்ல வேண்டும் என்று வந்த பிறகுதான் படிக்கட்டுகளுக்குத் தீக்கதவு வந்தது.

உங்கள் அலுவலகத்துக்கு வருவோம். மேலாளருக்கு வாய்ப்பேச்சாக மறுபடி சொல்லாதீர்கள். சின்னதாக ஒரு மெயில். குற்றச்சாட்டு இருக்கக் கூடாது, கணக்கு மட்டும். "இந்த ஆர்டரில் நம் அப்ரூவல் 9 நாள் தாமதமானது. மூன்று லைனின் உற்பத்தி வேகத்தில், மீதி 16 நாளில் முடிக்க நாளைக்குப் பன்னிரண்டரை மணி நேரம் தேவை. இது நம் நடத்தை விதிகளுக்கு மேல் போகிறது. தேதியை நகர்த்தவோ, சரக்கை இரண்டு தவணையாக வாங்கவோ, நம் செலவில் ஒரு பகுதியை விமானத்தில் எடுக்கவோ ஒப்புதல் வேண்டும்." இவ்வளவு போதும். பலகையைப் பற்றி எழுதவே வேண்டாம்; எழுதினால் நாளை முதல் அதை ஐந்தரைக்கே அழித்துவிடுவார்கள். கணக்கு உங்கள் அலுவலகத்தின் சொந்தத் தாள்களிலிருந்தே வருகிறது, அதை யாரும் மறுக்க முடியாது. பாஸ்போர்ட் விஷயம் தனி மெயில், அது மேலாளருக்கு அல்லாமல், விதிகள் மீறப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கு.

அவர்கள் சட்டம் கேட்டால்: பிரான்சில் 2017 முதல் பெரிய நிறுவனங்களுக்குக் கண்காணிப்புக் கடமைச் சட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் 2023-ல் நடைமுறைக்கு வந்த சப்ளை செயின் சட்டம், நிறுவனம் எப்படிக் கொள்முதல் செய்கிறது என்பதையே தடுப்பு நடவடிக்கைகளில் ஒன்றாகப் பேசுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பொதுவான ஒரு சட்டம் கொண்டுவந்தது, ஆனால் 2025-ல் அமலாக்கத் தேதியைத் தள்ளிவைத்தார்கள். நிறுவனங்கள் தேதி தள்ளிவைக்கக் கேட்டால் கிடைக்கிறது, கவனித்தீர்களா. சப்ளையர் கேட்டால் கிடைப்பதில்லை. கட்டாய உழைப்பில் செய்த பொருள்களைச் சந்தையில் விற்கத் தடை விதிக்கும் ஐரோப்பிய விதி 2027 டிசம்பரில் அமலுக்கு வருகிறது.

உங்கள் வேலை பற்றிய பயம் நியாயமானது, அதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். நிறுவனத்தின் உள் புகார் வழியை முதலில் பயன்படுத்துங்கள். எழுதியதன் நகலும் தேதியும் உங்களிடம் இருக்கட்டும். நிறுவன ஆவணங்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், தொழிற்சாலைக்குள் எடுத்த புகைப்படத்தை எங்கும் போடாதீர்கள். அதை வைத்தே உங்களை வெளியே அனுப்பிவிடலாம், பேச்சு பாஸ்போர்ட்டை விட்டு உங்கள் மேல் திரும்பிவிடும். இரண்டு மெயிலுக்கும் பதில் வராவிட்டால், வெளியே போவதற்கு முன் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தகவல் சொல்பவருக்கான பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறும்.

யாருடைய அனுமதியும் தேவைப்படாத ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. அடுத்த ஆர்டரைத் தயார் செய்யும்போது ஒரே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்: "வாங்குபவரின் அப்ரூவல் எத்தனை நாள் தாமதமாகிறதோ, ஷிப்மென்ட் தேதி அத்தனை நாள் தள்ளிப்போகும்." சட்டப் பிரிவு எதிர்க்கும். டிசைன் பிரிவு இன்னும் அதிகமாக எதிர்க்கும். அவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த முறை தொழிற்சாலைக்குப் போகும்போது அந்த மனிதரைத் தேடாதீர்கள். தெரிந்தவர் போலத் தலைகூட ஆட்ட வேண்டாம். காலை 8 மணிக்கு முன்பே போய்விடுங்கள், பலகையை அழிப்பதற்குள்.